மருந்து கேட்கிறதா?

2023 மே மாதம், நான்கு சுற்றுக் கீமோ முடிந்த பிறகு எடுத்த ஸ்கேன் படத்தை மருத்துவர் திரையில் எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். பிப்ரவரியில் அப்பாவின் நெஞ்சுக்கு நடுவே மூடிய கையளவுக்கு இருந்த கட்டி, தேடிப் பார்த்தால்தான் தெரியும் என்ற நிலைக்குச் சுருங்கியிருந்தது. கல்லீரலில் இருந்த மூன்று புள்ளிகளில் இரண்டைக் காணவில்லை. மருத்துவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் சொல்லத் தொடங்குவதற்குள் அப்பா என் முழங்கையைத் தட்டி, “மருந்து கேக்குதா இல்லையா, அத மட்டும் கேட்டுச் சொல்லும்மா” என்றார். “நல்லாக் கேக்குதுப்பா. கட்டி கரைஞ்சிடுச்சு. சரியாயிடுச்சு” என்றேன். முதல் இரண்டும் மருத்துவர் சொன்னவை. மூன்றாவதை நான் சேர்த்துக்கொண்டேன்.

அந்த மூன்றாவது சொல்லுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சிறுசெல் நுரையீரல் புற்றுநோயில் மருந்து கேட்பதும் நோய் சரியாவதும் வெவ்வேறு என்பதை நான் புரிந்துகொள்ள ஐந்து மாதங்கள் ஆயின. அந்த ஐந்து மாதங்களில் எங்கள் வீட்டில் எடுத்த முடிவுகளெல்லாம் அந்தத் தவறான மொழிபெயர்ப்பின்மேல் நின்றவை. சிங்கப்பூரில் நம் குடும்பங்கள் பலவற்றில் பெற்றோருக்கும் மருத்துவருக்கும் இடையே மகளோ மகனோதான் மொழிபெயர்ப்பாளர் என்பதால், இது என் வீட்டோடு முடிகிற செய்தி இல்லை என்று நினைக்கிறேன்.

நோயின் இயல்பை முதலில் சொல்லிவிடுகிறேன். நுரையீரல் புற்றுநோய்களில் ஏறத்தாழ ஏழில் ஒன்று இந்தச் சிறுசெல் வகை. இந்நோய் கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் நீண்ட காலம் புகைபிடித்தவர்கள். உயிரணு கட்டுப்பாடின்றிப் பெருகாமல் பிடித்து வைக்கும் டிபி53, ஆர்பி1 என்னும் இரண்டு மரபணுக்களும் இந்த வகையில் அநேகமாக எப்போதும் பழுதுபட்டிருக்கும். இரண்டு பிரேக்குகளும் அறுந்த வண்டி என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே கட்டி வாரக்கணக்கில் பெருக்கிறது, மிக முன்னதாகவே கல்லீரல், எலும்பு, அட்ரீனல் சுரப்பி, மூளை என்று பரவிவிடுகிறது. கண்டுபிடிக்கும்போதே மூன்றில் இரண்டு பங்கினருக்கு நோய் நெஞ்சின் ஒரு பக்கத்தைத் தாண்டிப் போயிருக்கும். அதை விரிந்த நிலை என்பார்கள். எஞ்சிய ஒரு பங்கினருக்குக் கதிர்வீச்சின் எல்லைக்குள் அடங்கும்படி ஒரு பக்கத்திலேயே நிற்கும். அது வரையறுக்கப்பட்ட நிலை. முதல் மருந்துக்கு இந்த நோய் இவ்வளவு நன்றாகக் கேட்பதற்கும் அந்த வேகமே காரணம். பெருகிக்கொண்டிருக்கும் உயிரணுக்களைத்தான் கீமோ தாக்குகிறது. இங்கே பெரும்பாலானவை பெருகிக்கொண்டே இருக்கின்றன. தப்பிப் பிழைக்கும் சில உயிரணுக்களோ, மருந்தைத் தாங்கத் தெரிந்தவையாக எஞ்சிவிடுகின்றன.

அப்பா துறைமுகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள், சரக்குத் தூக்கும் வின்ச்சு ஓட்டியவர். பதினேழு வயதில் தொடங்கிய சிகரெட்டை அறுபத்தைந்தில் விட்டார், அதுவும் பேரன் பிறந்த பிறகு. இருமல் அவருக்கு எப்போதும் உண்டு என்பதால் யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. 2023 தைப்பூசத்துக்கு முந்திய வாரம் காலையில் எழுந்தபோது முகமும் கழுத்தும் வீங்கியிருந்தன. சட்டையின் கழுத்துப் பட்டனைப் போட முடியவில்லை. தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் பெரிய நாளத்தை நெஞ்சுக்குள் வளர்ந்த கட்டி அழுத்துகிறது என்று பிறகுதான் தெரிந்தது. பலதுறை மருந்தகத்திலிருந்து அன்றே அவசரப் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

மருத்துவமனையில் இரண்டாம் நாள் அப்பா என் அத்தையின் பெயரைச் சொல்லி என்னை அழைத்தார், அது எந்த ஊர் என்று கேட்டார். மூளைக்குப் பரவிவிட்டது என்றே நாங்கள் அழத் தொடங்கிவிட்டோம். ஆனால் மூளை ஸ்கேனில் ஒன்றும் இல்லை. இரத்தத்தில் சோடியம் 118 ஆக இறங்கியிருந்தது. சிறுசெல் கட்டிகள் சில நேரங்களில் ஒரு ஹார்மோனைத் தாமே சுரந்து, உடலிலிருந்து நீர் வெளியேறவிடாமல் செய்துவிடுமாம். நீர் கூடக்கூடச் சோடியம் நீர்த்துப்போகிறது. எனவே குடிக்கும் தண்ணீரைக் குறைக்கச் சொன்னார்கள். பார்க்க வந்த உறவினர் ஒவ்வொருவரும் இளநீரும் பார்லித் தண்ணீருமாக வாங்கி வந்து, “உடம்புச் சூடு, நெறையக் குடிங்க மாமா” என்று நின்றதும், அம்மா அவர்களிடம் ஒவ்வொருவராக விளக்கியதும் அந்த வாரத்தின் பெரும் போராட்டம். சோடியம் 130ஐத் தாண்டியதும் அப்பா அப்பாவாகத் திரும்பினார்.

பரிசோதனை முடிவில், கல்லீரலிலும் நோய் இருந்ததால் விரிந்த நிலை என்றார்கள். சிகிச்சை எது என்பதில் தயக்கமே இருக்கவில்லை. கார்போபிளாட்டின், எட்டோபோசைட் என்ற இரண்டு கீமோ மருந்துகளோடு அட்டெசோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து, அதாவது உடலின் சொந்த எதிர்ப்பாற்றலைக் கட்டியின்மேல் திருப்பும் மருந்து. மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் முதல் நாள் மூன்று மருந்துகளும், அடுத்த இரண்டு நாள்கள் எட்டோபோசைட் மட்டும். நான்கு சுற்றுகளுக்குப் பின் நோயெதிர்ப்பு மருந்து மட்டும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை. பிளாட்டினம் சேர்ந்த மருந்தோடு எட்டோபோசைட் கொடுக்கும் முறை 1980களிலிருந்தே இருக்கிறது. இடையில் 2002இல் ஜப்பானில் எட்டோபோசைட்டுக்குப் பதிலாக இரினோட்டெக்கான் கொடுத்துப் பார்த்தபோது, வாழ்நாளின் நடுமதிப்பு, அதாவது நோயாளிகளில் பாதிப் பேர் தாண்டிய காலம், 9.4 மாதங்களிலிருந்து 12.8 மாதங்களாக உயர்ந்தது. அதையே அமெரிக்காவில் செய்து பார்த்தபோது அந்த வேறுபாடு தெரியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மருந்துகள் பெரிதாக மாறாமல் இருந்த நோய் இது என்பதை, மற்றப் புற்றுநோய்களில் ஆண்டுதோறும் புது மாத்திரை வருவதைப் பார்த்துப் பழகிய நமக்கு நம்புவது கடினம்.

மாத்திரையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் புளோக்கில் ஒன்பதாவது மாடியில் இருக்கும் அக்காவுக்கும் நுரையீரல் புற்றுநோய்தான். நாளுக்கொரு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு மூன்றாண்டுகளாகத் தேக்கா சந்தைக்குத் தானே போய்வருகிறார். அப்பாவுக்கு மட்டும் ஏன் ஊசி, ஏன் இந்த அவதி, மருத்துவர் சரியில்லையோ என்று கேட்டவர்கள் பலர். அந்த அக்காவுக்கு வந்தது சிறுசெல் அல்லாத வகை. ஆசியர்களிடையே, குறிப்பாகப் புகைபிடிக்காத பெண்களிடையே, அந்த வகையில் ஈஜிஎஃப்ஆர் என்னும் மரபணு மாற்றம் அதிகம் காணப்படுகிறது. அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. சிறுசெல் வகையில் அப்படிப் பூட்டுக்குச் சாவி போலப் பொருந்தும் மாத்திரை எதுவும் வழக்கத்தில் இல்லை. இரண்டையும் ‘நுரையீரல் புற்றுநோய்’ என்ற ஒரே பெயரால் அழைப்பதால், நோயாளி தனக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை என்று மருகுகிறார். அப்பா மருகினார்.

“எவ்வளவு காலம்?” என்று அண்ணன் கேட்டபோது, மருத்துவர் ஏறக்குறைய ஓராண்டு என்றார். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று நான் பிறகு தேடிப் படித்தேன். 2018இல் வெளியான இம்பவர்133 ஆய்வில், கீமோ மட்டும் பெற்றவர்களின் நடுமதிப்பு 10.3 மாதங்கள், அட்டெசோலிசுமாப் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 12.3 மாதங்கள். மறு ஆண்டு வந்த காஸ்பியன் ஆய்வில் துர்வலுமாப் என்ற இன்னொரு நோயெதிர்ப்பு மருந்துக்கும் ஏறத்தாழ இதே விளைவுதான்: 10.3க்கு எதிரே 13.0. இரண்டு மாதம், இரண்டரை மாதம். இதற்காகவா இவ்வளவு என்று அண்ணன் அப்போது மனம் கசந்து சொன்னான்.

இந்த நடுமதிப்பு என்பது தவணை முடியும் தேதி அல்ல. நூற்றொரு நோயாளிகளை அவர்கள் வாழ்ந்த காலத்தின்படி வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் காலம் அது. அவருக்கு முன்னே ஐம்பது பேர், பின்னே ஐம்பது பேர். பின்னே நிற்பவர்களின் வரிசை எவ்வளவு தொலைவு நீள்கிறது என்பதை நடுவில் நிற்பவர் நமக்குச் சொல்வதில்லை. காஸ்பியன் ஆய்வில் மூன்றாண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள், கீமோ மட்டும் பெற்ற பிரிவில் 5.8 விழுக்காடு; நோயெதிர்ப்பு மருந்தும் பெற்ற பிரிவில் 17.6 விழுக்காடு. நடுமதிப்பு சிறிதளவே நகர, வரிசையின் வால் மூன்று மடங்கானது. அந்த வாலில் யார் நிற்பார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல நம்பகமான சோதனை எதுவும் மருத்துவர் கையில் இல்லை. ஆகவே அந்த மருந்தைக் கொடுப்பது சரியான முடிவு; அதே நேரத்தில், பெரும்பாலோருக்கு அது காலத்தைப் பெரிதாக நீட்டித் தராது என்பதும் உண்மை. இந்த இரண்டையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொள்ள யாராவது எங்களுக்கு உதவியிருக்க வேண்டும். அந்த உதவியை நான்தான் அப்பாவுக்குச் செய்திருக்க வேண்டும்.

ஆய்வில் சேர்க்கப்படுகிறவர்கள் எழுந்து நடமாடும் நிலையில் இருப்பவர்கள், சிறுநீரகமும் கல்லீரலும் ஓரளவு நன்றாக இருப்பவர்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. வார்டில் அப்பாவுக்கு அடுத்த கட்டிலில் இருந்த சீனப் பெரியவர் முதல் சுற்றைத் தாங்கவில்லை, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவரைப் போன்றவர்கள் அந்த ஆய்வுகளின் கணக்கில் வருவதில்லை. எந்தச் சிகிச்சையும் இல்லாவிட்டால் விரிந்த நிலையில் காலம் இரண்டு முதல் நான்கு மாதம்தான் என்ற பழைய கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான், பிப்ரவரியில் கழுத்துப் பட்டன் போட முடியாதவர் ஜூனில் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் பேரனுடன் பட்டம் விட்டதன் மதிப்பு எனக்குப் புரிந்தது.

இனி நான் அதிகம் வருந்துகிற இடத்துக்கு வருகிறேன். மே மாதத்தில் மருத்துவர் இன்னொன்றும் கேட்டார்: மூளைக்கு முன்னெச்சரிக்கையாகக் கதிர்வீச்சுக் கொடுப்பதா, அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை எம்ஆர்ஐ எடுத்துக் கண்காணிப்பதா? கீமோ மருந்துகள் மூளைக்குள் நன்றாகப் போய்ச் சேர்வதில்லை என்பதால், நெஞ்சில் அடங்கிய நோய் மூளையில் தலைகாட்டுவது இந்த வகையில் அடிக்கடி நிகழ்வது. 2007இல் ஐரோப்பாவில் நடந்த ஆய்வில், விரிந்த நிலையில் கீமோவுக்குக் கேட்டவர்களுக்கு மூளைக்குக் கதிர்வீச்சுக் கொடுத்தபோது, ஓராண்டு வாழ்ந்தவர்கள் 13.3 விழுக்காட்டிலிருந்து 27.1 விழுக்காடாகக் கூடினார்கள். ஆனால் அந்த ஆய்வில் சேருமுன் எல்லாருக்கும் மூளை ஸ்கேன் எடுக்கவில்லை. ஏற்கெனவே மூளையில் நோய் இருந்தவர்களும் அதில் கலந்திருக்கக்கூடும். 2017இல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வு, எம்ஆர்ஐயில் மூளை சுத்தமாக இருப்பதை உறுதிசெய்தவர்களை மட்டுமே சேர்த்தது. அதில் கதிர்வீச்சுப் பெற்றவர்களின் நடுமதிப்பு 11.6 மாதங்கள், கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களுக்கு 13.7 மாதங்கள். கதிர்வீச்சினால் நினைவாற்றல் மங்கலாம் என்பதையும் சேர்த்து எடைபோட்டால், அப்பாவுக்குக் கண்காணிப்பே பொருத்தம் என்பது மருத்துவரின் கருத்து. இன்று கேட்டாலும் நானும் அதையே தேர்ந்தெடுப்பேன்.

முடிவு தவறில்லை, எடுத்த விதம்தான் தவறு. “சரியாயிடுச்சு” என்று நம்பிக்கொண்டிருந்த அப்பாவுக்கு, சரியான பிறகு மூளையை ஏன் கண்காணிக்க வேண்டும் என்பது புரியவில்லை. “சும்மா செக்அப்புப்பா” என்றேன். தன் உடம்பைப் பற்றிய ஒரு பெரிய முடிவு எடுக்கப்படுகிறது என்பதே தெரியாமல் அவர் அந்த அறையில் உட்கார்ந்திருந்தார். அதே நம்பிக்கையில், ஊருக்குப் போய்ப் பெரியப்பாவைப் பார்த்துவர வேண்டும் என்ற ஆசையையும், அடுத்த பொங்கலுக்குப் போகலாம் என்று நாங்களே தள்ளிவைத்தோம். ஜூன், ஜூலை மாதங்களில் அவரால் மன்னார்குடிவரை தாராளமாகப் போய் வந்திருக்க முடியும்.

அக்டோபர் கடைசியில் எடுத்த ஸ்கேனில் கல்லீரலில் ஐந்து புள்ளிகள் இருந்தன. இந்த நோய் திரும்பி வரும்போது மருத்துவர்கள் முதலில் பார்ப்பது, கடைசிக் கீமோவிலிருந்து எத்தனை நாள் கழித்து வந்தது என்பதைத்தான். தொண்ணூறு நாளுக்குள் திரும்பினால் பழைய மருந்து இனிக் கேட்காது என்று கொள்வார்கள். அதைத் தாண்டி வந்தால் கேட்க வாய்ப்பு இருக்கிறது. அப்பாவுக்கு ஆறு மாதம் ஆகியிருந்ததால் கார்போபிளாட்டினும் எட்டோபோசைட்டும் மறுபடி தொடங்கப்பட்டன. டோபோட்டெக்கான், லர்பினெக்டெடின் போன்ற வேறு மருந்துகளும் உண்டு. எது கொடுத்தாலும் இரண்டாம் முறை கேட்பது முதல் முறையைவிடக் குறைவு, நிற்கும் காலமும் குறைவு. பலருக்கு இந்த இரண்டாம் கட்டத்துக்கு வரும் அளவுக்கு உடம்பில் தெம்பே இருப்பதில்லை.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2022 செப்டம்பர் முதல், சுகாதார அமைச்சின் புற்றுநோய் மருந்துப் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குத்தான் தேசிய மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃபும் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவும் கைகொடுக்கும். பட்டியல் அவ்வப்போது மாறும். ஒரே மருந்து ஒரு நோய்க்கு அதில் இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது. ஆகவே, மருந்தின் பெயர் தெரிந்த அன்றே மருத்துவ சமூக ஊழியரைப் பார்ப்பது நல்லது. நாங்கள் இரண்டாம் சுற்றின் கட்டணச் சீட்டு வந்த பிறகுதான் பார்த்தோம்.

ஜனவரியில் அப்பா நடக்கும்போது இடப்பக்கம் சாய்ந்தார். எம்ஆர்ஐயில் மூளையில் பல இடங்களில் நோய் தெரிந்தது. கல்லீரலில் இருந்தவையும் குறையவில்லை. மருத்துவர் பேசி முடித்ததும், அப்பா மே மாதத்தில் கேட்ட அதே கேள்வியை அதே குரலில் கேட்டார். இந்த முறை மருத்துவரிடம் இரண்டு நிமிடம் அவகாசம் கேட்டுக்கொண்டு, நாற்காலியைத் திருப்பிப்போட்டு அப்பாவின் எதிரே உட்கார்ந்தேன். “இல்லப்பா, கேக்கல. முன்னாடி கேட்டுச்சு. ஆனா அப்பவே முழுசாச் சரியாகல. நான் தப்பாச் சொல்லிட்டேன்” என்றேன். அவர் என்னைக் கோபிப்பார் என்று நினைத்தேன். “எனக்குத் தெரியும்மா. சரியாயிருந்தா மாசாமாசம் ஊசி எதுக்கு?” என்றார். பிறகு, தலைவலிக்கு மட்டும் ஏதாவது செய்யச் சொல்லு, போதும் என்றார்.

மூளைக்கு ஐந்து நாள் கதிர்வீச்சும் ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுத்தார்கள்; தலைவலி நின்றது. அதன்பின் அந்திமகாலப் பராமரிப்புக் குழுவின் தாதியர் வீட்டுக்கே வந்தார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் அம்மா கதவைத் திறக்கவே மறுத்தார். கைவிட்டுவிட்டார்கள் என்ற எண்ணம். உண்மையில் இந்தக் குழுவினர் முதல் மாதமே எங்கள் வாழ்வில் வந்திருக்க வேண்டியவர்கள். சிறுசெல் அல்லாத நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் பாஸ்டனில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், நோயின் தொடக்கத்திலேயே வலித்தணிப்புப் பராமரிப்பையும் சேர்த்துப் பெற்றவர்கள் மனச்சோர்வு குறைந்து வாழ்ந்ததோடு, நடுமதிப்பில் 8.9 மாதத்துக்குப் பதிலாக 11.6 மாதங்கள் வாழ்ந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த தாதி முதல் நாளிலேயே அப்பாவின் மலச்சிக்கலையும் தூக்கமின்மையையும் தீர்த்துவிட்டுத்தான் மற்றதைப் பேசினார். ஏப்ரல் இரண்டாம் வாரம், புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்பு, அப்பா தம் அறையில் உயிர்நீத்தார். நோய் தெரிந்து பதினான்கு மாதங்கள். வரிசையின் நடுவைத் தாண்டிச் சற்றுத் தள்ளி நின்றிருக்கிறார்.

“இழுத்ததுக்குக் கிடைச்சுது” என்று துக்கம் கேட்க வந்த இடத்திலேயே ஒருவர் சொன்னார். அப்பா புகைக்கத் தொடங்கிய காலத்தில் துறைமுகத்தில் இடைவேளை என்றாலே சிகரெட்டுதான். இன்று இங்கே புகையிலை வாங்க வயது 21 ஆக வேண்டும், பெட்டிகளுக்கு ஒரே மங்கிய நிறம். அந்த ஏற்பாடுகள் வந்தது அப்பாவின் தலைமுறைக்குப் பிறகு. நோயின் காரணத்தை அறிவது வேறு, நோயாளியின்மீது அதைத் தீர்ப்பாக எழுதுவது வேறு. இந்தப் பேச்சுக்குப் பயந்தே இருமலை மறைப்பவர்கள் இருக்கிறார்கள்.

அப்பா போன மறு மாதம், 2024 மே மாதத்தில், டார்லடமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சிறுசெல் கட்டியின் மேற்பரப்பில் இருக்கும் டிஎல்எல்3 என்ற புரதத்தை ஒரு கையாலும், நோயை எதிர்க்கும் நம் உடலின் டி அணுவை மறு கையாலும் பிடித்து இரண்டையும் சேர்த்துவைக்கும் மருந்து அது. முதல் ஊசிகளின்போது காய்ச்சலும் இரத்த அழுத்தக் குறைவும் வரக்கூடும் என்பதால் மருத்துவமனையில் வைத்துக் கண்காணிப்பார்கள். 2025இல் வந்த முடிவுப்படி, கீமோவுக்குப் பின் நோய் திரும்பியவர்களுக்கு நடுமதிப்பு 8.3 மாதத்திலிருந்து 13.6 மாதமாக உயர்ந்திருக்கிறது. அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்பாவோடு வேலை பார்த்த ஒருவருக்கு, நான் மாமா என்று அழைப்பவர், சென்ற ஆண்டு இதே நோய் தெரிந்தது. அவருக்கு வரையறுக்கப்பட்ட நிலை. கீமோவோடு சேர்த்து நெஞ்சுக்கு ஒரு நாளில் இரண்டு முறை, மூன்று வாரத்துக்கு முப்பது தடவை கதிர்வீச்சுக் கொடுத்தார்கள். 1999இல் வெளியான ஆய்வில், ஒரு நாளுக்கு ஒருமுறை பெற்றவர்களில் 16 விழுக்காட்டினரும் இருமுறை பெற்றவர்களில் 26 விழுக்காட்டினரும் ஐந்தாண்டு வாழ்ந்தார்கள். அதிலிருந்து நிலைபெற்ற முறை அது. காலையும் மாலையும் ஆறு மணி நேர இடைவெளியில் போக வேண்டியிருந்ததால், நடுவில் அவரை நான் உணவங்காடியில் உட்காரவைத்துக் கஞ்சி குடிக்கச் செய்வேன். மூன்றாம் வாரத்தில் உணவுக்குழாய் புண்ணாகி அதையும் விழுங்க முடியவில்லை. இப்போது நான்கு வாரத்துக்கு ஒருமுறை துர்வலுமாப் போட்டுக்கொள்கிறார். 2024இல் வந்த அட்ரியாட்டிக் ஆய்வில், இந்த நிலையில் அந்த மருந்து நடுமதிப்பை 33.4 மாதத்திலிருந்து 55.9 மாதத்துக்குக் கொண்டுசென்றது.

அவருடைய மகன் தேசிய சேவையை முடித்து இப்போதுதான் வேலைக்குப் போகும் பையன். முதல் ஸ்கேன் முடிவு வந்த நாளில் வெளியே நாற்காலியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, “அக்கா, நல்லாச் சுருங்கியிருக்காம். அப்பாக்கிட்ட என்னன்னு சொல்ல?” என்று கேட்டான். “மருந்து கேக்குதுன்னு சொல்லு. இன்னும் எவ்வளவு நாள் கேக்கும்னு தெரியாது, அதனாலதான் தொடர்ந்து பாக்குறாங்கன்னும் சொல்லு” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு உள்ளே போனான். மாமா அந்த மாதமே தஞ்சாவூர் போய்வர விமானச் சீட்டுப் பார்க்கச் சொன்னார். இரண்டு ஊசிகளுக்கு நடுவே பன்னிரண்டு நாள் போய்வந்துவிட்டார்.